சகலை கொடுத்த வண்டி

அந்த வண்டி ஓடும்போது ஆடாது. நிற்கும்போதுதான் ஆடும். நிற்கிற பொருள் ஆடக்கூடாது என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம் என்றாலும், அந்த வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காரணம், வண்டி சகலை கொடுத்தது.

சகலை என்றால் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக இரண்டு ஆண்கள் ஆயுள் முழுக்க ஒருவரோடு ஒருவர் ஒப்பிடப்படும் தண்டனைக்குத்தான் சகலை உறவு என்று பெயர். மூத்த மாப்பிள்ளை சிமெண்டும் கம்பியும் விற்கிறவர். சத்தமாகச் சிரிப்பார். எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்பதைக் கேட்காமலே சொல்வார். இளைய மாப்பிள்ளை எடைக்கருவி ஆய்வாளர். கடை கடையாகப் போய், தராசில் முத்திரைக் கற்களை வைத்துப் பார்த்து, மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடித்து வியாபாரிகளின் வயிற்றைக் கலக்குவது அவர் தொழில். அவர் கண்ணுக்குத் தப்பிய தராசு அந்த வட்டாரத்தில் கிடையாது. அப்பேர்ப்பட்டவர், சிக்னலில் தன் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து குளிர்ஜுரம் கண்டதுபோல நடுங்கும்போது, "ஒண்ணுமில்ல, ரோடு சரியில்ல" என்பார். வண்டி அப்போது நின்றுகொண்டிருக்கும்.

சகலை அதைவிடப் பெரிய வண்டி ஒன்று வாங்கியபோது இது இவருக்கு வந்து சேர்ந்தது. "குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும் சகல. வெளிய குடுத்தா எவன் கைல போய்ச் சீரழியுமோ. வெண்ண மாதிரி வண்டி" என்றார். வெண்ணெய் என்றதில் பொய்யில்லை. இன்ஜினைத் தாங்கிக்கொண்டிருந்த ரப்பர்கள் ஏறக்குறைய அந்தப் பதத்துக்கு வந்திருந்தன என்பது பிறகு தெரிந்தது.

ஆய்வாளருக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை என்று. ஆனால் வண்டியில் குறை என்று ஒப்புக்கொண்டால், சகலை தன்னை ஏமாற்றிவிட்டார் என்று ஆகும். ஊரில் உள்ள வியாபாரிகளால் முடியாததை ஒரு சிமெண்ட் வியாபாரி வீட்டு வாசலிலேயே வைத்து முடித்துவிட்டார் என்று ஆகும். அதைவிட வண்டி ஆடட்டும் என்று முடிவெடுத்தார். மாமனார் வீட்டு விசேஷங்களில் சகலை முதுகில் தட்டி, "என்ன சகல, வண்டி எப்படி?" என்று கேட்கும்போதெல்லாம், "ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

அவர் மனைவி பல் டாக்டர். கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சின்ன கிளினிக். அவளுக்கும் முதல் வாரமே தெரிந்தது. ஆனால் வண்டி வந்தது அவள் அக்கா வீட்டிலிருந்து. குறை சொன்னால், "உங்க ஆளுங்க" என்று ஒரு வாக்கியம் ஆரம்பமாகும். அது எங்கே போய் முடியும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே அவளும் வாயை மூடிக்கொண்டாள். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவளுக்கு அது எவ்வளவு சிரமம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாயை மூடாமல் இருந்தவை பின்சீட்டில் இருந்த பற்கள்தான். நோயாளிகளின் பல்வரிசைக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சுகளை ஒரு பெட்டியில் அடுக்கி, செயற்கைப் பல் செய்யும் இடத்துக்கு அவள் கொண்டுபோவாள். வண்டி சிக்னலில் நின்றதும் அந்த முகம் தெரியாத மனிதர்களின் பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். முன்சீட்டில் இருவரும் நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடியில் பின்னால் நிற்கும் லாரி இரண்டு லாரிகளாகத் தெரியும். பச்சை விழுந்து வண்டி கிளம்பும்போது அடியில் எங்கோ 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு எல்லாம் அடங்கிவிடும். ஆய்வாளர் அப்போதுதான் மூச்சை விடுவார்.

நாளாக ஆக அவர் சில வித்தைகளைக் கற்றுக்கொண்டார். அது கிளட்ச் இல்லாத, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. சிக்னலில் லீவரை முன்னால் ஓடுகிற 'டி'யிலேயே வைத்து பிரேக்கை மிதித்தால் உடம்பெல்லாம் உதறும். நியூட்ரலுக்குத் தள்ளினால் உதறல் பாதியாகக் குறையும். ஆகவே சிவப்பைப் பார்த்ததும் நியூட்ரல். அப்புறம் சிக்னலே இல்லாத வழிகளாகத் தேடிப் போக ஆரம்பித்தார். கிளினிக்குக்கு நேர்வழி ஒன்று இருக்க, பழைய இரும்புக் கடைகளுக்குப் பின்னால், குப்பை லாரிகள் நிற்கும் சந்து வழியாக, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

"இந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்றார்.

"ஆமாங்க. குப்ப வாசன கூட நல்லா வருது" என்றாள் அவள்.

இப்படியே இருந்திருந்தால் இருவரும் அந்த வண்டியில் ஆடியபடியே முதுமை அடைந்திருப்பார்கள். மாமனாருக்குக் குடலிறக்கம் வந்து காரியத்தைக் கெடுத்தது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "குலுக்கல் மட்டும் கூடாது. பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மூத்த மாப்பிள்ளையின் பெரிய வண்டியில் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் சரக்கு விஷயமாக அவர் திடீரென்று வெளியூர் போக வேண்டியதாகிவிட்டது. பொறுப்பான காரியம் எதுவும் வரும்போது அவருக்கு இப்படிச் சரக்கு வந்துவிடும்.

"என்கிட்ட வண்டி இருக்கே" என்று ஆய்வாளர் முந்திக்கொண்டார். அந்த ஒரு வினாடி, தான் மூத்தவரை ஜெயித்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. மனைவி அவரைப் பார்த்த பார்வையை அவர் கவனிக்கவில்லை.

மாமனாரை முன்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, வயிற்றின் மேல் ஒரு தலையணையை வைத்தார்கள். மனைவி பின்னால். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்க ரிவர்ஸ் போட்டதும் 'தொம்'. மாமனார் தலையணையைக் கட்டிப்பிடித்தார். முன்னால் எடுக்க 'டி' போட்டதும் மறுபடி 'தொம்'.

"பின்னாடி எதையாச்சும் இடிச்சிட்டீங்களா மாப்ள?"

"இல்ல மாமா. கியர் விழுற சத்தம்."

"விழுதா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் சந்து கிடையாது. கல்லறைத் தோட்டம் வழியாக ஆபரேஷன் ஆனவரைக் கூட்டிப்போவதும் நன்றாக இருக்காது. அகலமான சாலை ஒன்றுதான். சிக்னலும் உண்டு. முதல் சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளினார். மாமனார் பல்லைக் கடித்துச் சமாளித்தார். அடுத்ததில், பக்கத்தில் வந்து நின்ற பேருந்தைப் பார்த்துக்கொண்டே லீவரைத் தள்ள மறந்தார். கதவு, கண்ணாடி, மாமனார், தலையணை எல்லாம் ஒரே தாளத்தில் அதிர ஆரம்பித்தன.

மாமனார் பெரிய மனிதர். ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். யாரையும் புண்படுத்திப் பேசி அறியாதவர். தையல் போட்ட இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"மாப்ள, வண்டி... ஓடும்போது... ரொம்ப நல்லா... இருக்கு. நிக்காம... போயிர... முடியுமா?"

"சிவப்பு விழுந்திருக்கு மாமா."

"அப்ப நான்... எறங்கிக்கிறேன்."

இறங்கியும் விட்டார். மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, நடைபாதைக்குக் கூட்டிப்போய், அங்கே நின்ற ஒரு வாடகை வண்டியில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். அது அடிபட்டு நெளிந்த, வயதான வண்டி. முன் விளக்கு ஒன்று இல்லை. ஆனால் நின்ற இடத்தில் பசு மாதிரி அசையாமல் நின்றது. பச்சை விழுந்ததும் அது ஆய்வாளரின் வண்டியைக் கடந்து போனது. பின் கண்ணாடி வழியாக மாமனார் கையசைத்தார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது ஆய்வாளருக்கு வயிற்றில் தையல் இல்லாமலே வலித்தது.

அன்று சாயங்காலம் மனைவி வீட்டுக்கு வந்ததும் காபி கேட்கவில்லை, உடை மாற்றவில்லை. பல் பார்க்கிற சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"வந்து வண்டில உக்காருங்க. பானெட்டத் தொறங்க."

"எதுக்கு?"

"வாயத் தொறந்தாத்தானே பாக்க முடியும்."

அவர் திறந்தார். இன்ஜினை ஓடவிடச் சொன்னாள். காலால் பிரேக்கைக் கெட்டியாக மிதித்துக்கொள்ளச் சொன்னாள். கைபிரேக்கையும் போடச் சொன்னாள். பிறகு வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டுக்கு நகர்ந்து நின்றுகொண்டாள்.

"ஏன் அங்க போய் நிக்கிற?"

"உங்க மேல நம்பிக்க இல்லாம இல்ல. வண்டி மேலதான். இப்ப 'டி' போட்டு, பிரேக்க விடாம, கொஞ்சமா ஆக்ஸிலேட்டர குடுங்க. போதும். இப்ப ரிவர்ஸ்."

டார்ச் வெளிச்சத்தில் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாளெல்லாம் நோயாளிகளின் ஈறைப் பார்க்கிற அதே முகம். பிறகு அவரை இறங்கச் சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்து அதையே செய்துகாட்டினாள். அவர் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தார்.

'டி' போட்டதும் இன்ஜின் மொத்தமும் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தது, நாற்காலியிலிருந்து எழப்போகிற கனத்த மனிதரைப்போல. ரிவர்ஸ் போட்டதும் 'தொம்' என்று மறுபக்கம் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் இரும்போடு இரும்பு இடித்தது. கீழே கருப்பாக எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது.

"பாத்தீங்களா? ஆடுற பல்லு மாதிரி" என்றாள் இறங்கி வந்து. "பல்லுல ஒரு குறையும் இருக்காது. அதப் பிடிச்சிட்டிருக்கிற எடம் தேஞ்சு போயிருக்கும். இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. அதத் தாங்குற மவுண்டிங் போயிருச்சு."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ரொம்ப நாளா. உங்களுக்கு?"

அவர் பானெட்டை மூடினார். ஒரு முறைக்கு இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். கைக்குட்டையால் கையைத் துடைத்தார். தெருவில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு சொன்னார்:

"சரி. ஆடுது."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளிடம் சொன்ன வார்த்தைகளில் இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னது வேறில்லை.

மறுநாள் வண்டியை ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டார்கள். 'பொறுமை காக்கவும்' என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததால் அதன் முதலாளிக்குப் பொறுமை என்றே பெயராகிவிட்டது. வாடிக்கையாளருக்காக எழுதிய வாசகம் அது. அவரிடம் அந்தச் சரக்கு சுத்தமாகக் கிடையாது. பல் டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், "எல்லாம் தெரிஞ்சவங்க எதுக்கு இங்க வர்றீங்க?" என்று கேட்டார். பிறகு அவரே ஒரு முறை அந்த 'டி', ரிவர்ஸ் ஆட்டத்தை ஆடிப் பார்த்தார். டாக்டர் சொன்னதேதான் என்று தெரிந்ததும் இன்னும் கோபமானார்.

"மவுண்டிங்தான். நான் பாத்ததுமே சொல்லியிருப்பேன்."

"நீங்க இன்னும் சொல்லலையே" என்றாள் அவள்.

வண்டியைத் தூக்கி, இன்ஜினுக்குக் கீழே தாங்கல் கொடுத்து, அவர் படுத்துக்கொண்டே உள்ளே போனார். ஸ்பேனர் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. அந்த ஒர்க் ஷாப்பில் அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை என்பதால், பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பொறுமை வெளியே வந்து கையை நீட்டினார். அவர் கையில் கிழிந்து வாய் பிளந்த ஒரு ரப்பர் மவுண்டிங். அதன் பிளவுக்குள் திணித்து, கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டிய இன்னொரு ரப்பர் துண்டு. கம்பியை வெட்டி எடுத்தபோது அது என்னவென்று தெரிந்தது. ஊதா நிற ரப்பர் செருப்பின் குதிகால் பக்கம். ஓரத்தில் பாதி வெள்ளைப் பூ.

"எந்தக் கம்பெனி பார்ட்ஸ் இது?" என்று கேட்டார் பொறுமை. "நான் கேள்விப்பட்டதே இல்லையே."

பல் டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. வண்டி தானாகத் தேய்ந்தது என்றால் ஒன்று. செருப்பு தானாக நடந்துபோய் இன்ஜினுக்கு அடியில் படுத்துக்கொள்ளாது. தெரிந்தேதான் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வாளர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். இத்தனை மாதம் ஏமாந்தவராக இருந்தவர் ஒரே வினாடியில் சாட்சியத்தோடு நிற்கும் அதிகாரியாகிவிட்டார். பையிலிருந்து அலுவலக உறை ஒன்றை எடுத்தார். தில்லுமுல்லு எடைக்கற்களைப் போட்டு அரக்கு வைக்கிற உறை. செருப்புத் துண்டை அதற்குள் போட்டு ஒட்டினார்.

"அதுக்கு அரக்கு வேறயா?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்ல இருக்கு. போற வழில வெச்சுக்கலாம்."

பொறுமைக்கு இந்த நாடகத்தில் ஆர்வம் போய்விட்டது. "ஒண்ணு செத்ததும் அதோட பாரமெல்லாம் மத்தது மேல எறங்கியிருக்கு. அதுங்களும் அரை உசுரு. எல்லாத்தையும் மாத்தினாத்தான் ஆச்சு. ஒண்ண மட்டும் மாத்திட்டு, மறுபடி ஆடுதுன்னு வந்து நின்னீங்கன்னா நான் இங்க இருக்க மாட்டேன்" என்றார். பார்ட்ஸ் வர ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிடும் என்றும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரைப் பார்க்க எல்லோரும் கூடியிருந்தார்கள். மாமனார் சோபாவில் சாய்ந்திருந்தார். அக்கா ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். சரக்கு வேலை முடிந்து திரும்பிய சகலை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு எந்த வழியாக வந்திருக்க வேண்டும் என்று மாமனாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இளையவர்கள் உள்ளே வந்ததும் வழக்கம்போல முதுகில் ஒரு தட்டு.

"என்ன சகல, வாடகை வண்டில வந்து எறங்குறீங்க? நம்ம வண்டி என்னாச்சு?"

ஆய்வாளர் அரக்கு முத்திரையிட்ட உறையை டீபாயின் மேல் வைத்தார். முத்திரை உடையாமல் இருக்கிறது என்று எல்லோருக்கும் ஒரு முறை காட்டினார். பிறகு உடைத்து, உறையைக் கவிழ்த்தார். ஆப்பிள் தட்டுக்குப் பக்கத்தில் செருப்புத் துண்டு விழுந்தது.

"இது உங்க வண்டிக்குள்ள இருந்துச்சு" என்றார். இந்தத் தருணத்துக்காக வழியெல்லாம் அவர் நீளமான வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தார். நம்பிக்கை, உறவு, நாணயம் எல்லாம் அதில் வந்தன. அவற்றில் முதல் வாக்கியத்தைக்கூட அவரால் ஆரம்பிக்க முடியவில்லை. ஏனென்றால் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் துண்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

"இது என் செருப்பு" என்றாள்.

சகலை ஜன்னலைப் பார்த்தார்.

"ஏங்க, இது என் பாத்ரூம் செருப்பு. வாங்கி ஒரு வாரம்கூட ஆகல. காணாம போச்சுன்னு வீடெல்லாம் தேடினேனே, நீங்களும் கூடச் சேந்து கட்டிலுக்கு அடில தேடினீங்களே."

"பழசுன்னு நெனச்சுட்டேன்."

"கட்டிலுக்கு அடில எதுக்குத் தேடினீங்க?"

"நீ தேடுனியே, சும்மா நின்னா நல்லா இருக்காதேன்னு."

அக்காவின் குரல் இறங்கியது. அவள் குரல் இறங்கினால் ஆபத்து என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். "பக்கத்து வீட்டு நாய்தான் தூக்கிட்டுப் போச்சுன்னு அந்தம்மாகிட்ட சண்ட போட்டேன். நாயக் கட்டிப் போட வெச்சேன். இன்னிக்கு வரைக்கும் அவங்களோட பேச்சுவார்த்த கெடையாது. அந்த நாய் என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்குது. நீங்க பால்கனில நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

ஆய்வாளர் தொண்டையைக் கனைத்தார். "அண்ணி, வண்டி விஷயம் என்னன்னா..."

"இருங்க தம்பி. வண்டிய அப்புறம் பாக்கலாம்."

அவருடைய வழக்கு அத்தோடு தள்ளுபடி ஆனது. இருக்கிற ஒரே சாட்சியத்தை எதிர்பாராத இன்னொரு மனுதாரர் கைப்பற்றிக்கொண்டார். அந்தச் சமயத்தில் சோபாவிலிருந்து ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. மாமனார் ஒரு கையால் வயிற்றையும் இன்னொரு கையால் வாயையும் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் திணறிக்கொண்டே. "சிரிச்சா தையல் பிரிஞ்சிரும். போங்கப்பா. அந்தச் செருப்பையும் எடுத்துட்டுப் போங்க."

இரண்டு மாப்பிள்ளைகளும் பால்கனிக்குத் துரத்தப்பட்டார்கள். உள்ளே அக்காவும் தங்கையும் பேசுவது கேட்டது. இரண்டு பேரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது. சகலை கம்பியில் கையை ஊன்றி நின்றார். முதல் முறையாக அவர் சிரிக்காமல் நிற்பதை ஆய்வாளர் பார்த்தார். சிரிப்பு இல்லாமல் பார்த்தால் அவர் முகம் சாதாரணமாக, கொஞ்சம் களைத்துப்போனதாக இருந்தது.

"தெரிஞ்சேதானே குடுத்தீங்க?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"ஆமா" என்றார் சகலை.

மறுப்பு வரும் என்று தயாராக இருந்தவர் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். சகலையே தொடர்ந்தார்:

"பார்ட்ஸ் வர நாளாகும்னு சொன்னாங்க. அது வரைக்கும் தாங்குறதுக்கு மெக்கானிக் ஒரு ரப்பர் வெச்சுக் கட்டினான். கட்டினதும் ஆட்டம் கொறஞ்சுது. சரி, அப்படியே உங்ககிட்டத் தள்ளிரலாம்னு தோணிச்சு. தப்புத்தான். ஒரு மாசத்துல நீங்க வந்து சட்டையப் பிடிப்பீங்கன்னு நெனச்சேன். பிடிச்சா, அட தெரியாமப் போச்சேன்னு சொல்லி நானே மாத்திக் குடுத்திரலாம்னும் நெனச்சேன்." அவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க வரவே இல்ல. ஒவ்வொரு தடவையும் கேக்குறேன், வண்டி எப்படின்னு. ஒரு குறையும் இல்லங்கிறீங்க. எனக்கே சந்தேகம் வந்திருச்சு சகல. செருப்பு அவ்வளவு நல்லா வேல செய்யுதோன்னு."

 கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிய காலைகளும், குப்பை லாரி சந்தும், நடுங்கிய கைகளும் ஆய்வாளரின் கண் முன்னால் வந்து போயின. அத்தனையும் இந்த ஆள் முன்னால் ஏமாந்தவராகத் தெரியக்கூடாது என்பதற்காக. இந்த ஆளோ, 'பிடிச்சுக் கேளு, கேளு' என்று மாதாமாதம் காத்திருந்திருக்கிறார். ஏமாற்றியவர் பாதி வேலையைத்தான் செய்திருந்தார். மீதியை இவரே சிரத்தையாக முடித்துக் கொடுத்திருந்தார்.

"மாமாவுக்கு அன்னிக்கு ரொம்ப வலிச்சிருச்சு" என்றார் கடைசியில்.

"கேள்விப்பட்டேன்" என்றார் சகலை. தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அன்னிக்குச் சரக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரின்னாலே எனக்குக் கைகால் ஆடும். யார்கிட்டயும் சொன்னதில்ல."

 எந்தத் தராசிலும் அதுவரை ஆய்வாளர் வைத்துப் பார்க்காத சமாச்சாரம் அது. "எனக்கு ஊசின்னா ஆகாது" என்றார் அவர்.

அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: வண்டி வேலை முடியும்வரை சகலை ஒர்க் ஷாப்பில் இருந்து பார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பு பக்கத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாயிடமா, அந்தம்மாவிடமா என்று அவர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஆகவே இரண்டு பேரிடமும் கேட்டார்.

பார்ட்ஸ் வந்த அன்று இரண்டு சகலைகளும் ஒர்க் ஷாப்பில் ஆஜரானார்கள். சும்மா நிற்கிறவர்களைக் கண்டால் பொறுமைக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவர் கையில் விளக்கைக் கொடுத்தார். இன்னொருவர் கையில் போல்ட்டுகள் போட்ட டப்பாவைக் கொடுத்து, "ஒண்ணு தொலைஞ்சாலும் உங்க செருப்பத்தான் வெச்சுக் கட்டுவேன்" என்றார்.

ஜாக்கியின் தலையில் ஒரு கனமான பலகையை வைத்து இன்ஜினின் அடியில் கொடுத்தார். பலகை இல்லாமல் கொடுத்தால் எண்ணெய்த் தொட்டி நசுங்கிவிடுமாம். பாரம் ஜாக்கிக்கு வரும்வரை மெல்ல உயர்த்தினார். அதற்கு மேல் கொஞ்சமும் தூக்கவில்லை. பிறகு போல்ட்டுகள். அவற்றில் ஒன்று வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டித் திருப்பியதும் கிறீச்சென்று இளகியது. பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பழையது விரல் அகலம் அமுங்கியிருந்தது. ஆய்வாளர் குனிந்து பார்த்தார். இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் ஒருவர் தராசில் காட்டியிருந்தால் கடைக்குச் சீல் வைத்திருப்பார்.

புதியதை மாட்டி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, பொறுமை எழுந்தார்.

"முறுக்கலையா?" என்று சகலை கேட்டார்.

"அவசரப்பட்டு இப்பவே முறுக்கினா ரப்பர் கோணிக்கிட்டு நிக்கும், புது மாப்ள மாதிரி. பாரத்த எறக்கணும். இன்ஜின் ஓடி, தான் உக்கார வேண்டிய எடத்துல தானா உக்காரணும். அப்புறம்தான் முறுக்கணும்." இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டு மாப்ளைங்களா?"

"ஆமா."

"தெரியுது" என்று சொல்லிவிட்டு மறுபடி கீழே படுத்தார்.

வேலை முடிந்ததும் பல் டாக்டர் வந்து சேர்ந்தாள். சகலை தன் பெரிய வண்டியில் புறப்பட்டுப் போனார். போகும்போது முதுகில் தட்டவில்லை, தோளில் கை வைத்துவிட்டுப் போனார். ஆய்வாளர் வண்டியை எடுத்தார். ரிவர்ஸ் போட்டார்; சத்தமில்லை. 'டி' போட்டார், வண்டி தயிரில் கரண்டி இறங்குவதுபோல நகர்ந்தது. வேண்டுமென்றே பெரிய சாலையில் திருப்பினார். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்து நின்றார்.

ஒன்றுமே நடக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் நின்ற பேருந்து ஒற்றைப் பேருந்தாகவே தெரிந்தது. ஸ்டியரிங் செத்த மாதிரி கிடந்தது. ஆய்வாளர், இன்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்து, பதற்றத்தில் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருகினார். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் ஸ்டார்ட்டர் போய் உரசிக் கிறீச்சிட்ட சத்தத்தில், நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓடிட்டுத்தாங்க இருக்கு" என்றாள் மனைவி.

"ஓடுதா?"

"ஓடுது. சாவிய விடுங்க."

அவர் சாவியை விட்டார். இரண்டு பேரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். எங்கோ ஆழத்தில் மெதுவாக ஒரு முனகல் கேட்டது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பச்சை விழுந்து, பின்னால் பேருந்து ஹாரன் அடித்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஆய்வாளர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. வண்டியைக் கிளப்பும்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி மட்டும் ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது.